நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பிரதமர் நாற்காலி வரை

(ஆஸ்திரேலியப் பிரதமர் ஆண்ட்ரு ஃபிஷரின் வாழ்க்கை – நமக்கு ஒரு பாடம்)

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



நமது பேரவையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தோழர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் பற்றியெல்லாம் என்னைவிட அழகாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஆகவே நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

அவர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் அல்ல. சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் அவர் கஷ்டப்பட்டு வாங்கியது எஞ்சின் ஓட்டுவதற்கான ஒரு சர்டிஃபிகேட். அந்த மனிதர் பின்னாளில் ஒரு நாட்டுக்கு ஒரு முறையல்ல, மூன்று முறை பிரதமரானார்! அவர் பெயர் ஆண்ட்ரு ஃபிஷர். நாடு ஆஸ்திரேலியா.

பொது அறிவுப் போட்டிக்காக நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இவர் என் கண்ணில் பட்டார். "சுரங்கத் தொழிலாளி, எஞ்சின் ஓட்டுநர், பிரதமர்" என்று மூன்று சொற்கள் ஒரே வரியில் இருந்தன. அந்த வரியை நான் கடந்து போக முடியவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கரித்தூளில் தொடங்கிய வாழ்க்கை

ஃபிஷர் 1862-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ம் தேதி ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் கிராஸ்ஹவுஸ் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ராபர்ட் நிலக்கரி வெட்டும் தொழிலாளி. ஊர் மக்கள் நியாய விலையில் பொருள் வாங்குவதற்காகக் கூட்டுறவு சங்கம் அமைக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர்.

பள்ளிப் படிப்பு முழுமையாக முடியுமுன்பே ஆண்ட்ருவும் சுரங்கத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்பன் இறங்கிய குழியில் பிள்ளையும் இறங்குவான், அவ்வளவுதான்! ஆனால் இந்தப் பையன் ஒரு காரியம் செய்தான். பகலெல்லாம் நிலத்துக்கடியில் வேலை; மாலையில் பக்கத்து ஊரான கில்மார்னாக்கில் இரவுப் பள்ளி. கிடைத்த நேரத்தில் நூலகம். "நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு சாட்டையடி.

1879-ல், தனது 17-வது வயதில், அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கிராஸ்ஹவுஸ் கிளைக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மில் பலர் டிப்ளமோ முதலாண்டில் இருக்கும் வயது அது! அந்தச் சங்கப் பணியில்தான் கெய்ர் ஹார்டியின் நட்பு கிடைத்தது. ஹார்டியும் சிறு வயதில் சுரங்கத்தில் உழைத்தவர். பிற்காலத்தில் பிரிட்டனின் தொழிற்கட்சியை உருவாக்கிய முன்னோடி.

1881-ல் அயர்ஷயர் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து வாரம் நடந்தது. கையிருப்பெல்லாம் கரைந்தது. போராட்டம் தோற்றது. ஃபிஷருக்கு வேலை போயிற்று. வேறொரு சுரங்கத்தில் வேலை தேடிக்கொண்டார். 1885-ல் மீண்டும் ஒரு போராட்டம், மீண்டும் வேலைநீக்கம். இந்த முறை முதலாளிகள் அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் அந்த வட்டாரத்தில் எந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்காது.

22 வயது. ஊரில் வேலை இல்லை. என்ன செய்வது? தம்பி ஜேம்ஸை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இருவரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையில் இறங்கினார்கள்.

"எஞ்சின் டிரைவர்" என்றால் என்ன?

குவீன்ஸ்லாந்தில் முதலில் பர்ரம் என்னும் நிலக்கரிப் பகுதியில் வேலை. பிறகு 1888-ல் ஜிம்பி என்ற ஊருக்குப் போனார். ஜிம்பி தங்கச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர். 1867-ல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் சங்க வேலைதான், அங்கும் வேலைநிறுத்தம் ஒன்றை ஒட்டி வேலை போனதுதான்! ஆளைத்தான் மாற்ற முடியவில்லை.

1891-ல் ஃபிஷர் எஞ்சின் ஓட்டுநர் சான்றிதழ் பெற்றார். இங்கே மெக்கானிகல் மாணவனாகிய நான் கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் டிரைவர் என்றதும் ரயில் ஓட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். இது சுரங்கத்தின் தரைமட்டத்தில் நிற்கும் நீராவி எஞ்சின்.

சுரங்கத்தின் செங்குத்தான குழிக்கு மேலே உயரமான சட்டம் ஒன்று நிற்கும். அதன் உச்சியில் பெரிய கப்பி. கப்பியின் மேல் ஓடும் கம்பி வடம், எஞ்சின் சுழற்றும் டிரம்மில் சுற்றப்பட்டிருக்கும். வடத்தின் மறுமுனையில் கூண்டு. பெரும்பாலும் இரண்டு கூண்டுகள் இருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். இரண்டின் எடையும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் எஞ்சினுக்குச் சுமை குறையும். நம் தெர்மல் பாடமும் மெஷின் டிசைன் பாடமும் ஒரே இடத்தில் சந்திக்கிற இயந்திரம் இது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கூண்டுக்குள் ஆட்கள் இருப்பார்கள். ஓட்டுகிறவருக்கு அவர்கள் முகம் தெரியாது. கீழிருந்து வரும் மணியோசைதான் பேச்சு. எத்தனை அடி ஆழத்தில் கூண்டு இருக்கிறது என்பதை முள் காட்டும். அந்த முள்ளின் மேல் கண், மணியின் மேல் காது, பிரேக்கின் மேல் கை. ஒரு நொடி அசந்து கூடுதலாக இழுத்துவிட்டால் கூண்டு மேலே போய்க் கப்பியில் மோதும். கண்ணுக்குத் தெரியாத மனிதர்களின் உயிர் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்வது சாதாரணப் பொறுப்பா? அதனால்தான் அந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்டார்கள்.

நாட்டை நடத்துவதும் ஏறக்குறைய அப்படிப்பட்ட வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வாரத்து ஆட்சி

1893-ல் ஜிம்பி தொகுதியிலிருந்து குவீன்ஸ்லாந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1896-ல் தோற்றார். தோற்றவர் சும்மா இருந்தாரா? தொழிலாளர்களின் தரப்பைச் சொல்ல 'ஜிம்பி ட்ரூத்' என்ற செய்தித்தாளைத் தொடங்க முன்நின்றார். 1899-ல் மீண்டும் வென்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. ஆண்டர்சன் டாசன் தலைமையில் குவீன்ஸ்லாந்தில் தொழிற்கட்சி ஆட்சி அமைந்தது. உலகத்திலேயே முதல் தொழிற்கட்சி அரசு இதுதான். ஃபிஷர் ரயில்வே மற்றும் பொதுப்பணி அமைச்சர். ஆனால் பெரும்பான்மை இல்லாததால் ஆட்சி ஒரே வாரத்தில் கவிழ்ந்துவிட்டது! "இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று வேறொருவராக இருந்தால் சலித்திருப்பார்.

1901 ஜனவரி 1-ம் தேதி ஆறு காலனிகள் ஒன்று சேர்ந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. எட்மண்ட் பார்ட்டன் முதல் பிரதமர். அந்த முதல் பாராளுமன்றத்துக்கு வைட் பே தொகுதியிலிருந்து ஃபிஷர் சென்றார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மார்கரெட் இர்வின் என்பவரை மணந்தார். ஜிம்பியில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் அவர்.

1904-ல் கிறிஸ் வாட்சன் பிரதமரானார். அவர் ஓர் அச்சுக்கோப்பாளர். தேசிய அளவில் உலகின் முதல் தொழிற்கட்சி அரசு அவருடையது. நான்கு மாதம்கூட நிலைக்காத அந்த அரசில் ஃபிஷர் வணிகம் மற்றும் சுங்கத்துறை அமைச்சர். 1907-ல் வாட்சன் விலகியதும் கட்சித் தலைமை ஃபிஷரிடம் வந்தது. அவர் பேச்சில் பெரிய அலங்காரம் கிடையாது. ஸ்காட்லாந்து உச்சரிப்பு வேறு. ஆனாலும் தோழர்கள் அவரை நம்பினார்கள்.

1908 நவம்பர் 13-ம் தேதி முதன்முறையாகப் பிரதமரானார். அதுவும் சிறுபான்மை அரசுதான். 1909 ஜூனில் எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து கவிழ்த்தன. தேர்தல் நடத்துங்கள் என்று கேட்டார். கவர்னர் ஜெனரல் மறுத்துவிட்டார். ஆனால் மக்கள் மறுக்கவில்லை! 1910 ஏப்ரல் தேர்தலில் தொழிற்கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றது. ஒரு நாட்டின் ஆட்சியைத் தனிப் பெரும்பான்மையோடு தொழிற்கட்சி பிடித்தது உலகில் அதுவே முதல் தடவை.

மூன்றே ஆண்டுகள், 113 சட்டங்கள்!

1910 முதல் 1913 வரையிலான இந்த இரண்டாவது ஆட்சிக்காலம்தான் ஃபிஷரின் பொற்காலம் என்றால் மிகையாகாது. மொத்தம் 113 சட்டங்கள் நிறைவேறின. முக்கியமான சிலவற்றை மட்டும் பட்டியலிடுகிறேன்:

1. நாடு முழுவதற்கும் ஒரே பணம். அதுவரை தனியார் வங்கிகளும் குவீன்ஸ்லாந்து அரசும் தனித்தனியே நோட்டு அச்சிட்டு வந்தன. 1910-ம் ஆண்டுச் சட்டம் தேசிய நோட்டுக்கு வழி செய்தது. எதிரிகள் அதை 'ஃபிஷரின் மெல்லிய தாள்' என்று கிண்டல் செய்தார்கள். 1913 மே மாதம் புதிய பத்து ஷில்லிங் நோட்டு வெளிவந்தது. வரிசை எண் ஒன்றைக் கவர்னர் ஜெனரலின் சின்னஞ்சிறு மகளுக்கு ஃபிஷர் வழங்கினார்.

2. மக்களுக்கு ஒரு வங்கி. 1911-ல் காமன்வெல்த் வங்கிச் சட்டம். 1912-ல் வங்கி திறப்பு. சாதாரண மக்களும் தைரியமாகச் சேமிக்க அரசு உத்தரவாதத்தோடு ஓர் இடம்.

3. நில வரி. பயன்படுத்தாமல் வளைத்துப் போட்ட பெரும் பண்ணைகள் உடைய வேண்டும் என்பதற்காக, 5,000 பவுனுக்கு மேற்பட்ட நில மதிப்புக்கு ஏறுமுக வரி.

4. ஓய்வூதியம். உடல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு முதியோர் ஓய்வூதிய வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது.

5. பேறுகால உதவி. 1912 முதல் குழந்தை பெறும் தாய்க்கு 5 பவுன். திருமணம் ஆனவரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு துணிச்சல்!

6. தலைநகர். 1913 மார்ச் 12-ம் தேதி வெட்டவெளியில் அடிக்கல் நாட்டி அந்த இடத்துக்குக் கான்பரா என்று பெயர் சூட்டினார்கள். அடிக்கல் நாட்டியவர்களில் ஃபிஷரும் ஒருவர்.

7. கண்டத்தைக் கடக்கும் ரயில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா கூட்டாட்சியில் சேர்ந்ததே ரயில் பாதை வரும் என்ற நம்பிக்கையில்தான். 1912 செப்டம்பரில் போர்ட் அகஸ்டாவில் வேலை தொடங்கியது. கால்கூர்லி வரை 1,693 கிலோமீட்டர். 1917 அக்டோபரில் முடிந்தது. வழியில் நல்லர்பார் சமவெளியில் ஒரு வளைவுகூட இல்லாமல் 478 கிலோமீட்டர் நேர்கோட்டில் ஓடுகிறது. உலகின் மிக நீளமான நேர் ரயில் பாதை இதுவே!

சிவில் நண்பர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ஒவ்வொரு காலனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு அகலத்தில் தண்டவாளம் போட்டிருந்தது. விக்டோரியாவில் 1,600 மில்லிமீட்டர், நியூ சவுத் வேல்ஸில் 1,435, குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் 1,067. புதிய பாதை 1,435-ல் போடப்பட்டது. ஆனாலும் சிட்னியிலிருந்து பெர்த் வரை இடையில் மாறாமல் ஒரே அகலத்தில் ரயில் போக 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ஒன்று கூடிப் பேசாமல் ஆளுக்கொரு அளவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

1911-ல் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனபோது, பிறந்த ஊருக்கும் போய் வந்தார். கறுப்புப் பட்டியலில் போட்டு விரட்டிய மண்ணில் பிரதமராகக் கால் வைத்தார்! அதே பயணத்தில் அவர் மனைவி மார்கரெட், லண்டனில் பெண்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய பெரும் ஊர்வலத்தில் நடந்தார். ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 1902-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. பிரிட்டிஷ் பெண்களுக்கு அப்போது இல்லை.

கேட்டும் கிடைக்காதவை

வெற்றிகளை மட்டும் சொன்னால் கட்டுரை முழுமையாகாது. தனியார் ஏகபோகங்களைக் கட்டுப்படுத்தவும் தொழில் தகராறுகளில் தலையிடவும் மத்திய அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்று ஃபிஷர் 1911-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். தோல்வி. 1913-ல் ஆறு கேள்விகளாகப் பிரித்து மறுபடி கேட்டார். ஆறும் சிறு வித்தியாசத்தில் தோற்றன.

அன்றே நடந்த பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிக்கு 38 இடங்கள், தொழிற்கட்சிக்கு 37. ஒரே ஓர் இடத்தில் ஆட்சி போயிற்று! புதிய பிரதமர் ஜோசப் குக். இதில் வேடிக்கை என்னவென்றால், குக்கும் சிறுவயதில் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். ஒரு காலத்தில் தொழிற்கட்சிக்காரராகவும் இருந்தவர். ஒரே குழியிலிருந்து ஏறி வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது போலும்!

போரும் ஒரு கடிதமும்

குக்கின் அரசு ஓர் இடத்துப் பெரும்பான்மையில் தள்ளாடியது. 1914-ல் இரு அவைகளும் கலைக்கப்பட்டன. அந்தத் தேர்தல் பிரசாரத்தின்போதுதான் ஐரோப்பாவில் போர் மூண்டது. "கடைசி மனிதன் வரை, கடைசி ஷில்லிங் வரை" பிரிட்டனுக்குத் துணை நிற்போம் என்று ஃபிஷர் மேடையில் முழங்கினார். வென்றார். 1914 செப்டம்பர் 17-ல் மூன்றாம் முறையாகப் பிரதமர்.

கடைசி மனிதன் என்று மேடையில் சொல்வது சுலபம். 1915 ஏப்ரல் 25-ல் ஆஸ்திரேலிய வீரர்கள் துருக்கியின் கல்லிப்போலிக் கடற்கரையில் இறங்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செப்டம்பரில் கீத் மர்டாக் என்ற பத்திரிகையாளர் அங்கு நடக்கும் குளறுபடிகளை எல்லாம் நீண்ட கடிதமாக எழுதினார். முகவரி: பிரதமர் ஆண்ட்ரு ஃபிஷர். கண்ணுக்குத் தெரியாத மனிதர்களைக் கூண்டில் இறக்கி ஏற்றியவருக்கு, இந்த முறை இறக்கியவர்களை ஏற்ற முடியவில்லை. பிரேக் வேறு யாருடைய கையிலோ, லண்டனில் இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 27-ல் பதவியிலிருந்து விலகினார். உடல்நலமும் மனமும் தளர்ந்திருந்தன. பில்லி ஹியூஸ் பிரதமரானார். ஃபிஷர் 1916 முதல் 1921 வரை லண்டனில் ஆஸ்திரேலிய ஹைகமிஷனராக இருந்தார். கல்லிப்போலித் தோல்வியை விசாரித்த ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். கட்டாய ராணுவ சேவையை ஹியூஸ் கொண்டுவர முயன்றபோது, அதற்குத் தன் பெயரைத் தர மறுத்துவிட்டார். 'கடைசி மனிதன்' என்று பேசிய அதே வாய்தான்! தவறிலிருந்து கற்றுக்கொள்வது என்பது இதுதானோ?

பிற்காலத்தில் நினைவாற்றல் குன்றி, 1928 அக்டோபர் 22-ல் லண்டனில் காலமானார். அவர் ஜிம்பியில் வாழ்ந்த வீடு இன்று அந்த ஊரின் தங்கச் சுரங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விளக்கின் அடியில் இருட்டு

நண்பர்களே, இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சந்தோஷம். ஆனால் படிக்கும்போது ஓரிடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேலே சொன்ன 5 பவுன் பேறுகால உதவி இருக்கிறதே, அது எல்லாத் தாய்க்கும் இல்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண்களுக்கு இல்லை. பசிபிக் தீவுப் பெண்களுக்கு இல்லை. ஆசியப் பெண்களுக்கு இல்லை. ஆசியப் பெண் என்றால்? நம் அம்மா, அக்கா, தங்கை! அவர்கள் அன்று அங்கே இருந்திருந்தால் "உனக்குக் கிடையாது போ" என்று சட்டமே சொல்லியிருக்கும்.

இது ஃபிஷர் மட்டும் செய்த தவறல்ல. வெள்ளையர் அல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்பதற்காக 1901-லேயே சட்டம் வந்துவிட்டது. வருகிறவருக்கு ஐரோப்பிய மொழி எதிலாவது 50 சொற்கள் சொல்லி எழுதச் சொல்வார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்! அந்தச் சோதனை 1958-ல்தான் ஒழிந்தது. வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையின் மிச்சம் மீதி 1973-ல் அகன்றது. எல்லாக் கட்சியும் அந்தக் கொள்கையைத் தாங்கின. தொழிற்கட்சி முன்வரிசையில் நின்று தாங்கியது. ஃபிஷரும் ஏற்றுக்கொண்டவர்தான். கூலியைக் குறைக்க முதலாளிகள் வெளியாட்களைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். சரி, கோபம் முதலாளி மேல் என்றால் அடி ஏன் கூலிக்காரன் மேல் விழுந்தது?

கறுப்புப் பட்டியலால் துரத்தப்பட்டவர், இன்னொரு பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டார். பட்டவனுக்குப் பிறர் படும் பாடு தானாகத் தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படித் தெரிவதில்லை. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்ல நாம் தூரம் போக வேண்டாம். போன ஆண்டு நம் பேரவை ஒரு கோரிக்கை மனு தயாரித்தது. விடுதிச் சாப்பாடு, ஒர்க்‌ஷாப் கருவிகள், பஸ் நேரம் என்று பதினொரு கோரிக்கைகள். எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு சகோதரி எழுந்து, "அண்ணா, லேடீஸுக்கு ஒரு ஓய்வறைகூட இல்லை. அது ஒங்க பதினொண்ணுல வரலையே?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! வேண்டுமென்று விட்டோமா? இல்லை. ஆனால் விட்டது விட்டதுதானே? பன்னிரண்டாவதாகச் சேர்த்தோம். ஆண்ட்ரு ஃபிஷரைப் படித்தபோது எனக்கு அந்தச் சகோதரியின் குரல்தான் நினைவுக்கு வந்தது. "எல்லோருக்கும்" என்று எழுதும் ஒவ்வொரு முறையும், யார் விடுபட்டார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

ஒன்று: வேலை முடிந்த பிறகும் படிக்க முடியும். இரண்டு: ஒரு வாரத்து ஆட்சியும், ஒரே இடத்துத் தோல்வியும் முடிவல்ல. நம் அரியர் பேப்பரும் அப்படித்தான்! மூன்று: பொறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான். நான்காவது பாடம் என் சொந்தப் பாடம். தொடக்கத்தில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

என் அப்பா ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் அட்டெண்டன்ட். முதலாண்டில் விடுதியில் எல்லோரும் அறிமுகம் செய்துகொண்டபோது, "அப்பா மில்லுல சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பலகாரம் எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையில் கரி. அறைத்தோழன் "யாருடா?" என்றான். "எங்க ஊர்க்காரர்" என்றேன். அப்பா காதில் அது விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாப் படிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அறைக்கு வருவதில்லை. எது கொண்டுவந்தாலும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஃபிஷரைப் பற்றிப் படித்த வாரம் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. அன்றுதான் ஸ்டூல் போட்டு ஏறிப் படித்தேன். இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டன்ட் தகுதிச் சான்றிதழ். அப்பாவிடம், "எப்படிப்பா பாஸ் பண்ணினே?" என்று கேட்டேன். வாட்டர் லெவல், சேஃப்டி வால்வு, புளோ டவுன் என்று அரை மணி நேரம் பேசினார். "கிளாஸ்ல தண்ணி தெரியலைன்னா, அவசரப்பட்டுத் தண்ணி விடக்கூடாது. மொதல்ல நெருப்பை நிறுத்து. உள்ளே வேலை செய்யறவங்க அம்பது பேரு இருக்காங்க" என்றார். நம் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை.

பிரதமர் ஆனதால் ஃபிஷரின் எஞ்சின் சான்றிதழுக்கு மதிப்பு வந்தது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கூண்டை ஒழுங்காக இறக்கி ஏற்றிய நாளிலேயே அதற்கு மதிப்பு இருந்தது. பிரதமர் ஆகாத ஆயிரமாயிரம் பேர் கையில் இருந்ததும் அதே சான்றிதழ்தானே?

இந்த ஆண்டு நம் பேரவை விழாவுக்கு அப்பாவை அழைத்திருக்கிறேன். "எனக்கென்னப்பா அங்க வேலை?" என்றார். கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால், நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைக்கிறேன். "எங்க அப்பா. பாய்லர் அட்டெண்டன்ட்."